பிரெஸ்ட் கோட்டையிலிருந்து உயிரோடு வந்தவர்கள்

(ஆலைத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் “பிரெஸ்ட் கோட்டை” திரைப்படம் காட்டப்பட்டதற்கு மறுநாள் மாலை நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்தே வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களே!

நேற்று இரவு இதே முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு சினிமாப் படம் பார்த்தோம். இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பஞ்சுத் தூசியைக் கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள், சிலர் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். நாம் அருகில் போனதும் கேட்டார்: “ஏனுங் தோழரே, அந்தப் பையன் தப்பிச்சுட்டானுங்க, சரி. மத்தவிய ஒருத்தருமே உசுரோட வரலீங்களா? வந்திருந்தா, அவியள ஊருக்குள்ள எப்படி வெச்சிருந்தாங்க?”

அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குப் பேசுவோம் என்று சொன்னோம். அதற்காகத்தான் இன்றைய கூட்டம்.

முதலில் அந்த இடத்தைத் தெரிந்து கொள்வோம். பிரெஸ்ட் என்பது இன்றைய பெலாரஸ் நாட்டில், போலந்து எல்லையை ஒட்டிய ஒரு ஊர். பூக் என்ற ஆறும் முகவெத்ஸ் என்ற ஆறும் கூடுகிற இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார் ஆட்சி கட்டிய கோட்டை அது. சுற்றிலும் மண் கரை, நடுவிலே தீவு, தீவைச் சுற்றி இரண்டு அடுக்குச் செங்கல் கட்டிடம். 1918 மார்ச் 3ந் தேதி, இளம் சோவியத் ஆட்சி ஜெர்மனியோடு சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இந்தக் கோட்டையில்தான். அதற்குப் பிறகு அது போலந்திடம் இருந்தது. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை வந்தபோது, ஜெனரல் பிளிசோவ்ஸ்கியின் தலைமையில் போலந்துச் சிப்பாய்கள் இதே சுவர்களுக்குள் நின்று சில நாட்கள் எதிர்த்தார்கள். அவர்களையும் நாம் மறக்கக் கூடாது. அந்த வருஷம் சோவியத் யூனியனும் ஜெர்மனியும் செய்து கொண்ட ஒப்பந்தத்தின்படி, செப்டம்பர் 22ந் தேதி ஜெர்மன் படை கோட்டையைச் செஞ்சேனையிடம் ஒப்படைத்து விட்டுப் போயிற்று. பூக் ஆறு எல்லை ஆயிற்று. ஒப்படைத்து விட்டுப் போனவர்களே இரண்டு வருஷம் முடிவதற்குள் பீரங்கியோடு திரும்பி வந்தார்கள்.

அது 1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. படத்தில் பார்த்தீர்களே, முதல் நாள் சனிக்கிழமை மாலை. பாட்டு, நடனம், விளையாட்டு. விடிவதற்கு முன் வானமே இடிந்து விழுந்தது போல் பீரங்கி பொழிந்தது. தாக்கியது ஜெர்மனியின் 45வது காலாட்படை டிவிஷன். 600 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள ராட்சதப் பீரங்கிகளைக் கூட அங்கே கொண்டு வந்திருந்தார்கள். மத்தியானத்திற்குள் கோட்டை கைக்கு வந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

உள்ளே இருந்தவர்கள் யார்? சுமார் 9,000 பேர் என்று சொல்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தேசிய இனத்தவர். ருஷ்யர், பெலாரஸ்காரர், உக்ரேனியர், ஆர்மீனியர், தாத்தாரியர், யூதர், மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர். ஒருவருக்கொருவர் பாஷை கூடச் சரியாகப் புரியாதவர்கள். அதிகாரிகளின் குடும்பங்கள் சுமார் 300. அதாவது பெண்களும் கைக்குழந்தைகளும்.

இவ்வளவு பேர் ஏன் பொறியில் அகப்பட்டார்கள்? இதை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை சண்டைக்கு என்று தயாராக இருக்கவில்லை. அது ஒரு பாசறை, அவ்வளவுதான். அபாய அறிவிப்பு வந்தால் படை வெளியேறி, வெளியே உள்ள நிலைகளில் போய் நிற்க வேண்டும் என்பதே திட்டம். வாசல்களோ சில. முதல் நிமிஷத்திலேயே ஜெர்மன் பீரங்கிகள் வாசல்களைக் குறி வைத்தன. வெளியே வந்தவன் விழுந்தான். உள்ளே இருந்தவன் அகப்பட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் படை குவிகிறது என்று பல வாரங்களாகச் செய்தி வந்து கொண்டிருந்தது. “ஆத்திரமூட்டலுக்கு இரையாக வேண்டாம்” என்று மேலே இருந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள். படைகளைத் தயார் நிலைக்குக் கொண்டு வரும் உத்தரவு அன்றைய நடு இரவுக்குப் பிறகுதான் கிளம்பிற்று. அது வந்து சேரும் முன் குண்டு வந்து விட்டது.

இதில் ஒரு மனிதரின் கதையைக் கவனியுங்கள். மேஜர் பியோத்தர் கவ்ரீலொவ். 44வது ரைபிள் ரெஜிமெண்டின் தளபதி. தாத்தாரியப் பகுதியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கூலி வேலை பார்த்தவர். பிறகு கஸான் நகரத்தில் ஆலைக் கூலி. உங்களைப் போன்றவர்தான், தோழர்களே! யுத்தம் சீக்கிரம் வரப் போகிறது என்று அவர் தம் ஆட்களிடம் சொல்லிக் கொண்டிருந்தார். பீதி கிளப்புகிறார் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். அவர் மேல் கட்சி விசாரணை ஜூன் 27ந் தேதிக்கு வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 27ந் தேதி அவர் எங்கே இருந்தார்? கோட்டையின் கிழக்கு அரணில், நாலு பக்கமும் ஜெர்மன் படை சூழ, சில நூறு பேரோடு சண்டை போட்டுக் கொண்டிருந்தார். உண்மையை முதலில் சொன்னவன் பேரில் விசாரணை, உண்மை வந்து கதவைத் தட்டியபோது அவன் தலையில் பொறுப்பு. இப்படி நடப்பது அங்கே மட்டுந்தானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, உள்ளே என்ன நடந்தது? இந்தப் படத்தை 2010ல் அலெக்சாந்தர் கோத் என்ற டைரக்டர் எடுத்தார். ருஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்து தயாரித்த படம். அந்த ஆண்டு ஜூன் 22ந் தேதி பிரெஸ்டிலேயே முதலில் காட்டினார்கள். படம் மூன்று பேரைப் பின்தொடர்ந்து போகிறது. கிழக்கு அரணில் கவ்ரீலொவ். ஹோல்ம் வாசலில் கமிஸார் எஃபீம் போமின். எல்லைக் காவல் படையின் 9வது சாவடித் தலைவர், லெப்டினன்ட் அந்திரேய் கிஷெவாதவ். மூன்று இடத்துக்கும் நடுவே சாஷா என்ற இசைக் குழுப் பையன் ஓடுகிறான். அவன் கண்ணால்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

நாம் படத்தில் கவனித்தது ஒன்று. இந்த மூன்று இடங்களுக்கும் இடையே தொடர்பு அறுந்து விட்டது. மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவும் இல்லை. ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. செஞ்சேனை எங்கே இருக்கிறது, பக்கத்தில் வருகிறதா, பின்வாங்கிப் போய்விட்டதா, ஒன்றும் தெரியாது. உத்தரவுக்குப் பயந்து நின்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உத்தரவு போடவே ஆள் இல்லை! நிர்வாணமாகத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தவன், இறந்தவனின் துப்பாக்கியை எடுத்துக் கொண்டு, பக்கத்தில் நிற்கிறவன் யார் எந்த ரெஜிமெண்ட் என்று கூடக் கேட்காமல் சேர்ந்து நின்றான். அவன் போனால் நம் பக்கம் ஓட்டை விழும், நாம் போனால் அவன் பக்கம் ஓட்டை விழும். அந்த ஒரு எண்ணம்தான் அவர்களை நிறுத்தி வைத்தது. ஒரு செட்டு ஆள் தறியில் நிற்பதும், நடவு வரிசையில் பெண்கள் சேர்ந்து குனிவதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

பிறகு தண்ணீர். தோழர்களே, இரண்டு ஆறு கூடுகிற இடம் அது. சுவருக்கு வெளியே சில கெஜ தூரத்தில் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே குழந்தைகள் நாக்கு வறண்டு சாகிறார்கள்! குழாய்கள் முதல் நாளே உடைந்து விட்டன. ஆற்றங்கரை முழுவதும் ஜெர்மன் மெஷின்கன் குறி வைத்திருக்கிறது. இரவில் வாணம் விட்டுப் பகல் போல ஆக்கி விடுகிறார்கள். கயிற்றில் குடுவையைக் கட்டி ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்து இழுக்கிறான் ஒருவன். ஊர்ந்து போகிறான் ஒருவன். பத்துப் பேர் போனால் ஒருவன் திரும்பினான், அவன் குடுவையும் குண்டு பட்டு ஓட்டையாகி விட்டது.

அப்படி வந்த தண்ணீரை யாருக்குக் கொடுத்தார்கள்? மாக்ஸிம் என்று ஒரு மெஷின்கன். அதன் குழாயைச் சுற்றி ஒரு உறை உண்டு. அதில் தண்ணீர் ஊற்றினால்தான் சூடு தணிந்து சுடும். நம் ஆலையில் சில யந்திரங்களுக்கு எண்ணெய் போல, அதற்குத் தண்ணீர். ஆகவே தண்ணீர் வந்தால் முதலில் மாக்ஸிமுக்கு. பிறகு காயம் பட்டவர்களுக்கும் குழந்தைகளுக்கும். சுடுகிறவனுக்குக் கடைசியில் மிஞ்சினால் உண்டு. இன்று அந்தக் கோட்டையில் ஒரு சிலை இருக்கிறது. “தாகம்” என்று பெயர். கையில் தலைக்கவசத்தோடு தண்ணீரை நோக்கி ஊர்ந்து போகிற ஒரு சிப்பாய். 1971ல் திறந்த நினைவிடத்தில் அதைப் பார்க்கலாம். கொடி பிடிக்கிற சிலை, வாள் வீசுகிற சிலை எங்கும் உண்டு. தாகத்திற்குச் சிலை வைத்த ஊர் அது.

தண்ணீர் இல்லாமல் இனியும் தாங்காது என்றானபோது, பெண்களையும் குழந்தைகளையும் வெளியே போகச் சொன்னார்கள். “போய் அவர்களிடம் சரண் அடையுங்கள். குழந்தைகள் பிழைக்கட்டும்.” கிஷெவாதவ் தம் வயதான தாயையும், மனைவியையும், மூன்று குழந்தைகளையும் அப்படித்தான் அனுப்பினார். கையைத் தூக்கிக் கொண்டு வெளியே போன அந்தத் தாய்மாரைக் கோழை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அவர் அங்கேயே சண்டையில் மாண்டார். அனுப்பி வைத்த அவர் குடும்பத்தை 1942ல் பாசிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். உள்ளே நின்றவருக்கும் சாவு, வெளியே போனவருக்கும் சாவு.

கமிஸார் போமின் கதையை நேற்று பார்த்தீர்கள். அனாதையாக வளர்ந்தவர். யூதர். வயது 32. கமிஸார்கள் அகப்பட்டால் உடனே சுட வேண்டும் என்று ஜெர்மன் தலைமை ஜூன் மாத ஆரம்பத்திலேயே எழுத்தில் உத்தரவு போட்டிருந்தது. படத்தில், கைதிகளை வரிசையாக நிறுத்தி, கமிஸார்கள், கம்யூனிஸ்டுகள், யூதர்கள் முன்னே வரட்டும் என்கிறான் ஜெர்மன் அதிகாரி. போமின் ஒரு அடி முன்னே வந்து, தாம் மூன்றுமே என்று சொல்கிறார். ஹோல்ம் வாசல் பக்கத்துச் சுவரில் வைத்து அவரைச் சுட்டார்கள். அந்த வாசல் இன்றும் குண்டுத் தழும்போடு அப்படியே இருக்கிறது.

இங்கேதான் நேற்று நீங்கள் கைதட்டினீர்கள். நாமும் தட்டினோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? போமின் அப்போது கைதி! துப்பாக்கி இல்லை, ரவை இல்லை, மயக்கத்தில் அகப்பட்டவர்களோடு ஒருவராக நிற்கிறார். கைதி ஆனதனால் அவர் சிறுத்துப் போனாரா? இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மேலே போவோம்.

கிழக்கு அரணைப் பசியாலும் தாகத்தாலும் தவிர வெல்ல முடியாது என்று ஜெர்மன் அதிகாரிகளே எழுதினார்கள். கடைசியில் ஜூன் 29ந் தேதி விமானத்திலிருந்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு வெடிகுண்டைப் போட்டார்கள். ஊருக்குள் வீடுகளின் கண்ணாடி எல்லாம் நொறுங்கிற்று. அரண் விழுந்தது. பலர் அகப்பட்டார்கள். கவ்ரீலொவ் சிலரோடு பூமிக்கு அடியில் உள்ள அறைகளில் மறைந்தார். பிறகு தனியாகவே இருந்தார். அவர் பிடிபட்டது ஜூலை 23ந் தேதி. யுத்தம் தொடங்கி 32வது நாள்! அதற்குள் ஜெர்மன் படை நூற்றுக்கணக்கான மைல் கிழக்கே போய்விட்டது. முகாம் ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கி வந்தபோது எலும்பும் தோலுமாக, விழுங்கக் கூடச் சக்தி இல்லாமல் கிடந்தார். அவரைப் பிடித்து வந்தவர்களோ, ஒரு மணி நேரத்திற்கு முன்பு இந்த மனிதன் எங்கள் மேல் கையெறி குண்டு வீசினான் என்று சொன்னார்கள். கோட்டைச் சுவர் ஒன்றில், சாகிறேன், ஆனால் சரணடைய மாட்டேன், தாய்நாடே போய் வருகிறேன் என்ற பொருளில் யாரோ கீறி வைத்த எழுத்து இருந்தது. தேதி ஜூலை 20. பெயர் இல்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். மற்றவர்கள் யாருமே உயிரோடு வரவில்லையா?

வந்தார்கள். ஜெர்மன் டிவிஷன் எழுதிய அறிக்கையின்படி சுமார் 7,000 பேர் கைதிகள் ஆனார்கள். ஆம், தோழர்களே! உள்ளே இருந்தவர்களில் பெரும்பகுதி. எல்லோரும் கடைசி ரவை வரை நின்று மாண்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை ஆகாது. முதல் நாளிலேயே குழம்பிப் போய்க் கையைத் தூக்கியவர் உண்டு. வெளியே தப்பப் பார்த்து அகப்பட்டவர் உண்டு. ரவை தீர்ந்து, மூச்சுத் தீர்ந்து, இடிபாட்டின் கீழிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர் உண்டு. ஜெர்மன் படைக்குப் பிரெஸ்டில் நானூறுக்கு மேல் சாவு. அவர்கள் நினைத்த மத்தியானம் ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பலர் கைதி முகாமுக்குத்தான் போனார்கள்.

அந்த முகாம் எப்படிப்பட்டது? யுத்தம் முழுவதிலும் ஜெர்மனியிடம் கைதியான சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம். அவர்களில் சுமார் 33 லட்சம் பேர் செத்தார்கள். பட்டினியால், குளிரால், நோயால், துப்பாக்கியால். இது யுத்தத்தில் நேர்ந்த சாவு அல்ல. திட்டமிட்ட கொலை.

சரி, அந்த நரகத்திலிருந்து மிஞ்சி வந்தவனை ஊரில் எப்படி வைத்திருந்தார்கள்? இங்கேதான் நாம் தலை குனிந்து பேச வேண்டியிருக்கிறது. 1941 ஆகஸ்ட் 16ந் தேதி, 270ம் எண் உத்தரவு என்று ஒன்று ஸ்டாலின் கையெழுத்தோடு வந்தது. சரணடைகிற அதிகாரி ஓடிப் போனவனாகக் கருதப்படுவான், அவன் குடும்பத்தைக் கைது செய்யலாம். சரணடைந்த சிப்பாயின் குடும்பத்திற்குச் சர்க்கார் உதவிப் பணம் கிடையாது. படை நொறுங்கிக் கொண்டிருந்த நேரத்தில் போட்ட உத்தரவு என்று காரணம் சொல்கிறவர்கள் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? தப்புக் கணக்குப் போட்ட மேலிடத்தின் தலையில் விழவில்லை. அகப்பட்டவன் தலையில் விழுந்தது. யுத்தம் முடிந்து வந்த பிறகும் கேள்வி அதுவே. “நீ எப்படி உயிரோடு வந்தாய்?”

கவ்ரீலொவ் 1945 மே மாதத்தில் முகாமிலிருந்து விடுதலையானார். மேஜர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஏன் தெரியுமா? கட்சிக் கார்டைத் தொலைத்து விட்டாராம்! முப்பத்திரண்டு நாள் நின்ற மனிதரிடம் கார்டு எங்கே என்று கேட்டார்கள். அவர் எதிர்த்துக் கூச்சல் போடவில்லை. சாதாரண வேலைகள் பார்த்துக் கொண்டு பேசாமல் இருந்தார். அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் பேசாமல் இருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளிடம் கூடக் கோட்டையைப் பற்றிச் சொல்லாதவர்கள் உண்டு.

கோட்டையின் கதை முதலில் வெளி வந்ததே எதிரியின் வாயிலிருந்துதான். 1942ல் அந்த 45வது டிவிஷனின் அறிக்கை செஞ்சேனையிடம் அகப்பட்டது. அதைப் படித்துத்தான் மாஸ்கோவுக்கே விவரம் தெரிந்தது. அதிலே பெயர்கள் இல்லை. பெயர்களைத் தேடப் புறப்பட்டவர் ஸெர்கேய் ஸ்மிர்னோவ் என்ற எழுத்தாளர். 1954 முதல் ஊர் ஊராகப் போனார். ரேடியோவில் பேசினார். கோட்டையில் இருந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டார். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லத் துணியாதவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

ரோதியோன் செமெனியூக் என்பவர் ஒருவர். சைபீரியாவில் இரும்பு ஆலைத் தொழிலாளி. 1941 ஜூனில் கிழக்கு அரணில் இருந்தார். தம் படைப் பிரிவின் கொடியை எதிரி கையில் சிக்காமல் ஒரு வாளியில் வைத்து மண்ணுக்குள் புதைத்தார். பிறகு கைதியானார். 1956 செப்டம்பரில் கோட்டைக்குத் திரும்பி வந்து, தாம் புதைத்த இடத்தைத் தோண்டினார். கொடி இருந்தது! பதினைந்து வருஷம் அந்தக் கொடியும் மண்ணுக்குள் இருந்தது, அதைக் காப்பாற்றியவனின் பெயரும் மண்ணுக்குள் இருந்தது. கைதியானவன் கொடியைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படத்தில் வரும் சாஷாவைப் போலவே நிஜத்திலும் ஒரு இசைக் குழுப் பையன் இருந்தான். பேத்யா கிளிபா. 333வது ரெஜிமெண்டின் வாத்தியக்காரப் பையன். பெண்களோடு வெளியே போகச் சொன்னபோது மாட்டேன் என்றவன். அவனும் கடைசியில் அகப்பட்டான். ஜெர்மனிக்குக் கொண்டு போய்ப் பண்ணை வேலையில் கட்டாயமாகப் பூட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகு வேறு ஒரு வழக்கில் நீண்ட சிறைத் தண்டனை. ஸ்மிர்னோவ் தேடிப் பிடித்து, விடுதலைக்காக வாதாடினார். 1956ல் வெளியே வந்தான்.

அந்த 1956 ஜூன் 29ந் தேதியில்தான் சோவியத் கட்சியும் சர்க்காரும் ஒரு தீர்மானம் போட்டன. கைதிகளாக இருந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் இழைக்கப்பட்ட சட்ட விரோதங்களைத் துடைக்க வேண்டும் என்று. கவ்ரீலொவ் திரும்பவும் கட்சியில் சேர்க்கப்பட்டார். 1957 ஜனவரியில் சோவியத் வீரர் பட்டம் அளித்தார்கள். 1979ல் காலமானார். அவர் விருப்பப்படி பிரெஸ்டிலேயே, தம் தோழர்களோடு அடக்கம் செய்தார்கள். சரி செய்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் செத்துப் போனவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

இதனால்தான் படத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். சண்டையைக் காட்டியதில் படம் நேர்மையாக இருக்கிறது. தாகத்தையும் பயத்தையும் குழந்தைகளின் அழுகையையும் மறைக்கவில்லை. வீரம் என்றால் மார்பைத் தட்டுவது என்று காட்டவில்லை. அதற்காக அதைப் பத்துத் தடவை பார்க்கலாம். ஆனால் படத்தின் பலம் முழுவதும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கொடியோடு பையன் வெளியே போனதும், பார்க்கிற நமக்குக் கதை முடிந்தது போல் ஆகிவிடுகிறது. கோட்டைக்கு வெளியே கவ்ரீலொவ் நின்ற பன்னிரண்டு வருஷம் இன்னொரு முற்றுகை. அதற்கும் ஒரு படம் எடுக்க வேண்டும்.

தோழர்களே, இந்தக் கதையை இங்கே, இந்த ஆலை வாசலில் ஏன் பேசுகிறோம்? இதை ஒளிக்க வேண்டாம். யுத்தமும் வேலைநிறுத்தமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொது.

சென்ற கதவடைப்பு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக் கூட்டம். அதில் 11 பேரைப் பற்றித் தீர்மானம் வரப் போகிறது. கடைசி வாரத்தில், நிர்வாகம் நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவர்கள் அவர்கள். அன்றைக்கு அந்தப் பெயர்களைச் சங்கப் பலகையில் துரோகிகள் என்று எழுதினோம். யார் எழுதியது? நாம்தான் எழுதினோம். சாக்கட்டி பிடித்தது இந்தக் கைதான்.

அவர்களில் ஒருவர் பெண் குழந்தையைக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டவர். அதற்கு முன் ஐம்பத்தி சொச்சம் நாள் நம்மோடு வாசலில் உட்கார்ந்தவர். அந்த ஐம்பது நாளைப் பலகையில் நாம் எழுதவில்லை. நிவாரண அரிசி கடைசி வாரத்தில் தீர்ந்து போனது யார் தப்பு? இவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போடாதது யார் தப்பு? அதையும் பலகையில் எழுதவில்லை. இன்று வரை அவரோடு டீக்கடையில் கூட யாரும் பேசுவதில்லை. அவரும் பேசாமல் இருக்கிறார்.

இதில் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. அகப்பட்டவன் வேறு, காட்டிக் கொடுத்தவன் வேறு. பிரெஸ்ட் பகுதியில் பாசிஸ்டுகளுக்குப் போலீஸ் வேலை பார்த்து, சொந்த ஊரார் மேல் துப்பாக்கி நீட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களையும் கவ்ரீலொவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இங்கேயும் நம் கூட்டத்துச் செய்திகளை நிர்வாகத்திற்குக் கொண்டு போனவன் இருந்தால் அவனுக்கு வேறு பதில் உண்டு. ஆனால் தாங்க முடியாத இடம் வந்து விழுந்தவனைப் பார்த்து, ஏன் விழுந்தாய் என்று கேட்பதற்கு முன், எத்தனை நாள் நின்றாய் என்று கேட்க வேண்டாமா? உனக்கு நாங்கள் தண்ணீர் கொண்டு வந்து சேர்த்தோமா என்று நம்மையே கேட்க வேண்டாமா?

நம் அபிப்பிராயம் இது. அந்த 11 பேரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒவ்வொருவர் கதையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சங்கத்தில் இடம் கொடுக்க வேண்டும். முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசுங்கள், கோபமாகவே பேசுங்கள். கேட்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பலகையில் நாம் எழுதியதை நாமே அழித்து விட்டோம். இன்று காலை முதல் ஷிப்டு சங்கு ஊதும் முன் போய் அழித்தோம். பலகை வெறுமையாக இருக்கிறது.

பெரியவரே, நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நமக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். பலர் உயிரோடு வந்தார்கள். அவர்களை ஊருக்குள் சரியாக வைத்திருக்கவில்லை. பிறகு திருத்திக் கொண்டார்கள், தாமதமாக. நாம் அவ்வளவு தாமதம் செய்ய வேண்டாம்.